மாடி வீட்டில் நாய்க்குட்டி: மணல் தட்டிலிருந்து புல் தட்டு வரை

எங்கள் நாய்க்குட்டி சிட்டு இப்போது காலையில் கண் விழித்ததும் தானாகவே படியேறி, மொட்டை மாடியில் படிக்கட்டு முடியும் சின்ன அறையான ஹெட்ரூமுக்குப் போகிறாள், புல் தட்டில் ஏறி ஒரு சுற்று சுற்றுகிறாள், முடித்துவிட்டு இறங்கி வந்து கறித்துண்டுக்காக என் முகத்தைப் பார்க்கிறாள். பொங்கலுக்கு வீடு கழுவியதிலிருந்து உள்ளே ஒரு சொட்டு இல்லை. தோட்டமில்லாத மாடி வீட்டில் நாய்க்குட்டியை எப்படிப் பழக்குவது என்று நான் தேடியபோது கிடைத்ததெல்லாம் "கதவைத் திறந்து தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள்" என்றுதான் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் கதவைத் திறந்தால் படிக்கட்டு, படிக்கட்டு முடிந்தால் தெரு. அதனால் நாங்கள் வாங்கியது, அறுத்தது, தூக்கிப் போட்டது எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மா, மேலே மொட்டை மாடி. நான், கணவர், அம்மா, ஆறாவது படிக்கும் மகள். கணவருக்குச் சேதராப்பட்டில் ஷிப்ட் வேலை, நான் சாயங்காலம் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஆக எந்த நேரமும் யாராவது ஒருவர் வீட்டில் இருப்போம். குட்டி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். முதல் இரண்டு மாதம் ஆள் இல்லாத வீட்டில் இந்த வேலை நடக்காது.

சிட்டு நாட்டு நாய். எங்கள் தெருமுனையில் பாதி கட்டி நின்றுபோன வீட்டுக்குள் பிறந்த குட்டிகளில் ஒன்று. 2024 செப்டம்பரில், அவளுக்கு இரண்டு மாதம் ஆனதும் தூக்கி வந்தோம். அதற்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கூடப் பிறந்தவைகளோடு கடித்து உருளும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. தெருவில் பிறந்தவள்தானே, தெருவுக்கே கூட்டிப் போய் வரலாமே என்று மகள் கேட்டாள். டாக்டர் முதல் நாளே அதைத் தடுத்துவிட்டார். குட்டிகளைக் கொல்லும் வாந்திபேதியைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும், தடுப்பூசி வரிசை முடியாத குட்டி அந்த மண்ணை மோந்தாலே போதும். முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில், பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி நாலு மாதத்தை ஒட்டி, நடுவில் மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ். அதுவரை தெரு கிடையாது, மொட்டை மாடிதான்.

முதலில் பேப்பர். எல்லோரும் சொல்வது அதுதான் என்பதால் பால்கனியில் பழைய பேப்பர் விரித்தோம். சில தடவை அதன்மேல் போனாள், நாங்களும் நம்பினோம். அப்புறம் பார்த்தால் அவளுக்குத் தரையில் கிடக்கும் எந்தக் காகிதமும் அதே இடம்தான் என்று ஆகிவிட்டது. டியூஷன் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து நோட்டு விரித்து எழுதுகிற வீடு இது. காலையில் வாசலில் விழும் பேப்பர் வேறு. அந்த வாரமே பேப்பரை எடுத்துவிட்டோம். தரையில் காகிதம் புழங்கும் வீட்டுக்கு இது சரிவராது.

அந்த வாரம் அக்கம்பக்கத்தில் வந்த இன்னொரு யோசனை, ஈரத்தில் அவள் மூக்கைத் தேய்த்து இரண்டு அடி போடு என்பது. நாங்கள் அதைச் செய்யவே இல்லை, யாரும் செய்யக் கூடாது என்றுதான் சொல்வேன். குட்டிக்கு அதிலிருந்து புரிவது "இங்கே போகக் கூடாது" என்பதில்லை, "இவங்க பார்க்கும்போது போகக் கூடாது" என்பதுதான். அப்புறம் அது பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்து போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், மாடிக்குக் கூட்டிப் போனாலும் நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை அடக்கிக்கொண்டே நிற்கும், சரியான இடத்தில் போகும்போது பாராட்டுகிற வாய்ப்பே உங்களுக்குக் கிடைக்காது.

சரி, பேப்பர் போன பிறகு ஒன்று செய்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் அன்றன்றைக்கு அவள் தூங்கி எழுந்த நேரம், சாப்பிட்ட நேரம், போன நேரம், போன இடம் எல்லாவற்றையும் குறித்தேன். ஒரு நாளைக்கு ஒரு தாள், கிளிப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில். நேரக் கணக்கு சீக்கிரமே பிடிபட்டது. தூங்கி எழுந்தால் உடனே, சாப்பிட்டால் கால் மணி அரை மணிக்குள், விளையாட்டுக்கு நடுவில் அரை மணிக்கு ஒரு தரம். பொதுவாகச் சொல்லும் கணக்கு, குட்டியின் மாதத்தோடு ஒன்றைக் கூட்டினால் அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும் என்பது. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அது தூங்கும்போது மட்டும். விழித்து ஓடுகிற குட்டிக்கு அதில் பாதிகூட இல்லை என்பதைத் தாள் காட்டியது.

ஆனால் தாளின் நிஜமான லாபம் "இடம்" என்ற பத்தியில்தான் இருந்தது. அவள் கண்ட இடத்தில் போகவில்லை. துளசித் தொட்டியில் தோண்டி மண்ணைச் சிதறடித்த மூலை, செருப்பு விடும் இடம், அப்புறம் அம்மா கோலமாவு டப்பா வைக்கும் கதவோரம், இந்த மூன்றுதான் திரும்பத் திரும்ப வந்தன. நான் அதை வாசித்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்: "அவ மணல் குமியில பொறந்தவடி. காலுல நறநறன்னு படுற எடமா பாத்துப் போறா." போய்ப் பார்த்தால் மூன்று இடத்திலும் காலுக்கு அடியில் பொடி இருந்தது. தொட்டி மண், செருப்பில் வந்த கடற்கரை மணல், கோலமாவு. அந்தப் பாதிக் கட்டடத்தில் அவள் தாய் குட்டி போட்டது எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்த கட்டுமான மணல், குவியலின் ஓரத்தில்.

இரண்டு மாத வாக்கில் குட்டிகள் எந்தத் தரையில் போய்ப் பழகினவோ அதையே தேடும். இதை டாக்டரிடம் கேட்டபோது அவரும் ஒப்புக்கொண்டார். நான் இத்தனை எழுதியதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: குட்டி எங்கே பிறந்தது, அங்கே அதன் காலடியில் என்ன இருந்தது என்று முதலில் விசாரியுங்கள். சாக்கு, வைக்கோல், சிமெண்ட் தரை, புல், எதுவானாலும் அதில் ஆரம்பித்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்த மாதிரி.

அடுத்து மணல் தட்டு. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய மீன் தட்டு ஒன்று கிடைத்தது, ஐஸ் போட்டு மீன் அடுக்குவார்களே, அந்தக் கறுப்பு பிளாஸ்டிக். மூன்று அடிக்கு இரண்டு அடி, உயரம் ஆறு அங்குலம், 250 ரூபாய். மீன் வாடை போகச் சோப்புப் போட்டுத் தேய்த்து நன்றாக வெயிலில் காயவைத்தோம். குட்டிக்கு ஆறு அங்குலம் ஏற முடியாது, அதனால் ஒரு பக்கச் சுவரில் ஒரு அடி அகலத்துக்கு மட்டும் மூன்று அங்குலமாகக் குறைக்க வேண்டியிருந்தது. ஆக்சா பிளேடால் அறுத்து, விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இந்தத் தேய்ப்பை விட்டுவிடாதீர்கள், அறுத்த பிளாஸ்டிக் விளிம்பு வயிற்றுத் தோலைக் கிழிக்கும். பிளேடும் உப்புத்தாளும் 60 ரூபாய்.

மணல் மூன்று அங்குல உயரம் போட்டோம். கணக்குப் போட்டால் ஒன்றரை கன அடி, அறுபது கிலோவுக்கு மேல். கீழேயிருந்து பக்கெட் பக்கெட்டாகக் கணவர் ஏற்றினார். எம்-சாண்டில் மாவு மாதிரி தூசி கலந்திருக்கும், சலித்து ஒரு தரம் அலசிப் போட வேண்டும், இல்லாவிட்டால் நனைந்ததும் சேறாகிக் காலில் ஒட்டி வீடெல்லாம் வரும். இரண்டு மூட்டை, 120 ரூபாய். தட்டை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தோம்.

ஒரு வாரத்துக்குள் தெருப் பூனைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. பூனைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பூனை எச்சம் கலந்த மணல் குட்டிக்கு ஆகாது, பூச்சி வரும். அதனால் வெல்டு மெஷ் என்கிற கம்பிவலைத் துண்டு ஒன்றைத் தட்டு அளவுக்கு வெட்டி மூடியாக்கினோம், 180 ரூபாய். மேல் மணலில் ஒரு அங்குலம் வாரத்துக்கு ஒரு தரம் மாற்றினோம். மூன்று மாதம்வரை பதினைந்து நாளுக்கு ஒரு தரம் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், அதைத் தவறவிடவில்லை.

பழக்கிய விதம் இதுதான். காலண்டர் தாள் சொல்லும் நேரத்துக்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவது. நடத்திக் கூட்டிப் போகவில்லை, ஒன்று படியேற்றம் அந்த வயதுக் காலுக்கு நல்லதில்லை, இரண்டாவது பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். தட்டில் விட்டு "ஒண்ணுக்கு" என்று ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பது. கொஞ்சக் கூடாது, விளையாடக் கூடாது, போனைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் சரி. ஐந்து நிமிடத்தில் போகவில்லையென்றால் கீழே கொண்டுவந்து, கால் மணி கழித்து மறுபடி. போனால், போய் முடித்த பிறகு "சமத்து" என்று சொல்லி அந்தத் தட்டின் பக்கத்திலேயே ஒரு துண்டு கோழிக்கறி. நடுவில் பாராட்டினால் பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வருவாள், மிச்சம் கீழே ஹாலில் வந்துதான் போவாள். கீழே இறங்கி வந்து கொடுத்தாலும் பயனில்லை, படி இறங்கியதற்குக் கிடைத்ததாகத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். இரண்டு மூன்று விநாடிக்குள் வாயில் போக வேண்டும். அதற்காக அம்மாவின் சுருக்குப்பையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். உப்பு, வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்த கறி, பொட்டுக்கடலை அளவு. வெங்காயம் நாய்க்கு விஷம், சமைத்ததும் சேர்த்துத்தான், குழம்பிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் எல்லோரும் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்தோம். காலை முதல் முறை அம்மாவுடையது. நாலரைக்கு எழுந்து வாசல் தெளிக்கப் போகும் முன் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவார். நாய் ஹாலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று முதல் நாள் சொன்னவரும் இவர்தான்.

மாடிக்குப் போகாத நேரத்தில் அவள் எங்கே இருக்க வேண்டும் என்பது இதில் பாதி. கண்ணில் படாத குட்டி எங்காவது போகும். இரண்டு ஏற்பாடு செய்தோம். ஒன்று, நாலுக்கு மூன்று அடியில் ஒரு கூண்டு. ஒரு அங்குலக் கட்டமுள்ள வெல்டு மெஷ், மூன்றடி உயர ரோலில் பதினான்கு அடி வெட்டி வாங்கி நாலு பக்கமும் கேபிள் டையால் கட்டினோம், எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். கட்டத்தின் அளவு முக்கியம், இரண்டு அங்குலக் கட்டத்தில் இரண்டு மாதக் குட்டி தலையை நுழைக்கப் பார்க்கும். வெட்டிய கம்பி நுனிகள் குத்தாமல் இருக்க, பழைய ஹோஸ் பைப்பை நெடுகக் கீறி விளிம்பு முழுவதும் மாட்டினேன். உள்ளே அம்மாவின் பழைய புடவை மடித்துப் போட்டுப் படுக்கை. படுக்கிற இடத்தை நாய் அசிங்கப்படுத்தாது, ஆனால் கூண்டு பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து இன்னொரு மூலையில் போகும், அதனால் இரவில் அட்டைப் பெட்டி வைத்துப் பாதியாக்குவோம். கூண்டை எங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். நடு ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம், தூக்கிக்கொண்டு மேலே, திரும்பக் கூண்டு. விளக்கும் போடுவதில்லை, பேச்சும் இல்லை. அவளுக்கு மூன்றரை மாதம் ஆனதும் அலாரத்தை நிறுத்தினோம்.

இரண்டாவது ஏற்பாடு ஆறடிப் பருத்திக் கயிறு. ஒரு முனை அவள் கழுத்துப் பட்டையில், மறு முனை என் இடுப்பில். நான் சமைத்தாலும் துணி மடித்தாலும் கூடவே வருவாள். தரையை மோந்துகொண்டு வட்டம் போட ஆரம்பித்தாலே கயிறு இழுப்பில் தெரிந்துவிடும், அப்படியே தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடலாம். செலவே இல்லாத இந்தக் கயிறு கூண்டைவிட அதிகம் உதவியது.

அடுத்து, வாடை. பழைய வாடை மிச்சமிருக்கும் இடத்துக்குக் குட்டி திரும்ப வரும். நம் மூக்குக்குப் பினாயில் வாசனைதான் தெரியும், அதற்கு அடியில் இருப்பது அவளுக்குத் தெரியும். பினாயில் அதை மூடுகிறதே தவிர எடுப்பதில்லை, அதோடு நாய் காலை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகிறது. வினிகர் ஊற்றச் சிலர் சொன்னார்கள். எங்கள் தரை பழைய மொசைக், அதில் இருக்கும் சலவைக்கல் சில்லுகளை வினிகர் அரித்து மங்கலாக்கும், வாடகை வீட்டில் அது வேண்டாம். செல்லப்பிராணிக் கடையில், வாடையைச் சிதைத்து எடுக்கும் என்சைம் கிளீனர் அரை லிட்டர் 420 ரூபாய், இதுவரை இரண்டு பாட்டில். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். பிறகு கிளீனரை ஊற்றிக் கால் மணி நேரம் அப்படியே ஊற விட வேண்டும். ஊற்றிய கையோடு துடைத்தால் காசு வீண்.

வாங்கியதிலேயே எனக்குப் பிடித்த கருவி ஒரு புற ஊதா டார்ச், 395 நானோமீட்டர், 350 ரூபாய். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் அடித்தால் காய்ந்துபோன மூத்திரம் மங்கிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். துடைத்துவிட்டோம் என்று நினைத்திருந்த இடங்கள், தையல் மெஷினின் கால் அடியில், ஃபிரிட்ஜ் ஓரத்தில், தரையும் சுவரும் சேரும் விரிசல் நெடுக, எல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தன. அவற்றை முறையாகக் கழுவிய பிறகு உள்ளே போவது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அம்மா கோலமாவு டப்பாவை அலமாரிக்கு மாற்றினார், செருப்பு ஸ்டாண்டு படிக்கட்டுக்குப் போனது.

இந்த நாட்களில்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைச் சாலைக்கும் போய் வந்தோம். மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டி கிடையாது. மூன்றரை நாலு மாதத்துக்குள் பார்க்கும் ஆட்களையும் கேட்கும் சத்தங்களையும்தான் நாய் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும், ஊசி முடியட்டும் என்று உள்ளேயே பூட்டி வைத்தால் அந்தக் காலம் போய்விடும். கீழே விடாமல், கையிலேயே வைத்து, பலூன்காரர், தொப்பி போட்ட போலீஸ்காரர், அலைச்சத்தம் எல்லாம் காட்டினோம். டியூஷன் பிள்ளைகளும் உதவினார்கள். அவள் மேலே பாய்ந்தால் கத்தாமல் கம்பம் மாதிரி நில்லுங்கள், நாலு காலும் தரையில் பட்டதும் ஒரு துண்டு கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதை ஒழுங்காகச் செய்தார்கள்.

தீபாவளி அந்த வருடம் அக்டோபர் 31. அதற்கு முன்னாலிருந்தே போனில் வெடிச்சத்தத்தை மெல்லிய ஒலியில் வைத்துச் சாப்பாடு போட்டு வந்தோம், அதனால் வீட்டுக்குள் பெரிதாகப் பயப்படவில்லை. ஆனால் மொட்டை மாடியில் ராக்கெட் தலைக்கு மேலேயே வெடித்தது. அதன்பிறகு மாடி என்றாலே உடம்பை இறுக்கிக்கொள்வாள். தட்டில் விட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், போக மாட்டாள், கீழே வந்ததும் போவாள். தட்டைத் திறந்த வெளியில் வைத்தது சரியில்லை என்பதன் முதல் அறிகுறி அது.

இரண்டாவது அறிகுறி புயலில் வந்தது. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மூடி வெறும் கம்பிவலைதானே, தட்டில் தண்ணீர் நிரம்பி, மணல் கரைந்து வழிந்து, மாடிச் சரிவோடு போய் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. மொட்டை மாடியில் கணுக்கால் மேல் தண்ணீர் நின்று, ஹெட்ரூம் கதவுக்கு அடியில் படியில் இறங்க ஆரம்பித்தது. வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து கூப்பிட்டார்: "ஏம்மா, மேல மணல் கொட்டி வச்சிருக்கியா? கொழாய்ல தண்ணியே எறங்கல பாரு!" கணவர் நனைந்துகொண்டே போய் நாலு அங்குலக் குழாயின் வாயிலிருந்து கையாலும் கம்பியாலும் மணலை அள்ளி எடுத்தார். அதற்குள் கரண்டும் போய்விட்டது.

சிட்டு காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தாள். நாலரை மாதக் குட்டி, ஐந்தரை மணி நேரம்தான் கணக்கு, அது எப்போதோ தாண்டிவிட்டது. கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறாள், உள்ளே போகவும் மனமில்லை. மூட்டையில் மிச்சமிருந்த காய்ந்த மணல் ஞாபகம் வந்து, ஹெட்ரூமில் தண்ணீர் வராத மேடான மூலையில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் நாலு பாண்டுச் சட்டி கொட்டினேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கொண்டுபோய் விட்டதும் மோந்துகூடப் பார்க்கவில்லை, நேராக ஏறி நின்று நீளமாகப் போனாள். இடம் புதிது, தட்டும் இல்லை, வெளியே அந்தக் காற்று. காலடியில் மணல் இருந்தது, அது போதுமாக இருந்தது. புயல் போன மறுநாளே ஹெட்ரூம்தான் இனி அவள் இடம் என்று முடிவு செய்துவிட்டோம்.

ஆனால் மணலை அங்கேயும் தொடர முடியாது. நிழலில் காயாது, வாடை படிக்கட்டு முழுவதும் இறங்கும், குழாய் அடைப்புக்குப் பிறகு வீட்டுக்கார அம்மாவிடம் மணல் என்ற பேச்சையே எடுக்க முடியாது. புல்லுக்கு மாறினோம். அதே மீன் தட்டு. அடியில் ஒரு மூலையில் அரை அங்குல ஓட்டை போட்டு தண்ணீர் வெளியேற டேங்க் நிப்பிள் என்கிற குழாய் இணைப்பை மாட்டினேன், வாஷரோடு 40 ரூபாய். எதிர் மூலைக்கு அடியில் மரத்துண்டு வைத்து ஓட்டைப் பக்கம் அரை அங்குலம் சரிவு. நிப்பிளுக்குக் கீழே பழைய பெயின்ட் வாளி, அதில் ஒரு லிட்டர் தண்ணீர் எப்போதும் இருக்கும், வாடை எழாது. தட்டில் முதலில் முக்கால் அங்குல ஜல்லி, இரண்டு அங்குல உயரம், ஒரு மூட்டை 70 ரூபாய். அதன்மேல் பச்சை நிழல்வலை இரண்டு மடிப்பு, 60 ரூபாய். அதற்கும் மேல் புல் பத்தை, மண்ணோடு வெட்டி எடுத்த புல்.

புல்லில் எதை வாங்குவது என்பதைத் திண்டிவனம் சாலை நர்சரியில் நின்று நிறையப் பேசினேன். கொரியன் புல் பார்க்க அழகு, ஆனால் நிழலில் மஞ்சளாகிவிடும். அகலமான இலையுள்ள எருமைப்புல் நிழலைத் தாங்கும், சதுர அடி 35 ரூபாய். தட்டுக்கு ஆறு சதுர அடி போதும், நான் பன்னிரண்டு வாங்கினேன், 420 ரூபாய். காரணம், நாய் மூத்திரத்தில் நைட்ரஜன் அதிகம், ஒரே இடத்தில் தினமும் விழுந்தால் புல் கருகும். பாதி தட்டில் இருக்கும்போது மறுபாதி மொட்டை மாடி வெயிலில் தெளியும், வாரத்துக்கு ஒரு தரம் மாற்றிக்கொள்வோம். ஒவ்வொரு தடவை அவள் போனதும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிடுவது. ரெண்டுக்குப் போயிருந்தால் பழைய கரண்டியால் எடுத்து டாய்லெட்டில்.

மணலிலிருந்து புல்லுக்கு அவளை மாற்ற, புல்லின்மேலேயே மணலைக் கனமாகத் தூவினேன், முதலில் புல் நுனி மட்டும் தெரியும் அளவுக்கு. சில நாள் விட்டுக் கொஞ்சம் குறைவு, அப்புறம் இன்னும் குறைவு. கடைசியில் ஒரு பிடி, பிறகு அதுவும் இல்லை. அவசரப்பட்டு ஒரேயடியாகக் குறைத்த சமயத்தில் திரும்பவும் செருப்பு இருந்த மூலைக்குப் போனாள், மறுநாள் பழைய அளவுக்கே ஏற்றிக்கொண்டதும் சரியாகிவிட்டது. இந்தக் கட்டத்தில்தான் பால் பல் விழுந்து பெரிய பல் முளைத்தது, 28 போய் 42 வர வேண்டும், கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பாள். ஈரத் துணியை முறுக்கி ஃபிரீசரில் வைத்துக் கொடுத்ததில் புல் பத்தையைப் பிடுங்குவதை விட்டாள்.

செலவு, மணல் தட்டு 610, புல் வேலை 590, கூண்டு 1,100, டார்ச் 350, கிளீனர் 840. மொத்தம் 3,490 ரூபாய், கறி தனி.

அடுத்த குட்டிக்கு என்றால், டார்ச்சை முதல் நாளே வாங்குவேன். தட்டை ஹெட்ரூமில் வைத்துத்தான் ஆரம்பிப்பேன், வெயில், மழை, வெடி, பூனை நாலுக்கும் அங்கே கதவு இருக்கிறது. மணலை ஒரு அங்குலத்துக்கு மேல் போட மாட்டேன், அறுபது கிலோ தேவையே இல்லை, காலில் பட்டால் போதும். பேப்பர் கிடையாது. கயிறு கட்டாயம். ஜல்லியில் சின்ன மாற்றம் ஒன்று யோசிக்கிறேன், முக்கால் அங்குலத்துக்குப் பதில் அரை அங்குலம் போட்டால் பத்தை இன்னும் சமமாக உட்காரும் என்று நர்சரிக்காரர் சொன்னார், அடுத்த முறை புல் மாற்றும்போது போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. ஊசியெல்லாம் முடிந்து சிட்டு இப்போது தெருவில் நன்றாக நடக்கிறாள், ஆனால் தெருவில் போக மாட்டேன் என்கிறாள், வீட்டுக்கு வந்து புல் தட்டில்தான். போன வாரம் வில்லியனூரில் தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்கப் போனபோது ஒரு பத்தையைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போய்ப் பின்கட்டில் போட்டோம், உடனே போனாள். அடுத்த தடவை அரைப் பத்தை, அதற்கடுத்து அங்கே இருக்கும் புல்தரையிலேயே ஒரு பிடி நம் வீட்டு மண். மணலிலிருந்து புல்லுக்கு வந்த அதே வழிதான், இதற்கும் அது பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.